பெயரைச் சரியாகச் சொன்ன மனிதர்

ஆஸ்திரேலியாவில் லெஸ் மர்ரி என்று சொன்னால், "எந்த லெஸ் மர்ரி?" என்று கேட்பவர்கள் உண்டு. ஒருவர் கவிஞர். நியூ சவுத் வேல்ஸ் கிராமப்புறத்தில் பிறந்து, அந்த மண்ணையே எழுதி, 2019-ல் மறைந்தவர். அவருக்கு அது பிறவிப் பெயர். இன்னொருவர் கால்பந்துப் பத்திரிகையாளர். கால்பந்தை வேண்டாத பிள்ளையாக நடத்திய ஒரு நாட்டில், அந்த ஆட்டத்தை அழைத்துவந்து வீட்டுக் கூடத்தில் உட்கார வைத்தவர். அவருக்கு அது வேலைக்காக வைத்துக்கொண்ட பெயர்.

நம் விளையாட்டுப் பக்கங்களில் டென்னிஸ் வீரர் ஆண்டி முர்ரே என்று அச்சாகிப் பழகிய அதே பெயர்தான் இது. அவர்கள் ஊரில் சொல்வது ஏறக்குறைய 'மர்ரி'. அடுத்தவர் பெயரைச் சரியாகச் சொல்வதையே வாழ்நாள் வேலையாக வைத்திருந்த ஒருவரைப் பற்றி எழுதுகிறோம். அவர் பெயரை மட்டும் போகிற போக்கில் எழுதிவிட்டுப் போக மனம் வரவில்லை.

பிறந்தபோது அவர் உர்கெ லாஸ்லோ. ஹங்கேரியில் குடும்பப் பெயர் முன்னால் நிற்கும், சொந்தப் பெயர் பின்னால் வரும். நம் இனிஷியல் போலத்தான். 1945 நவம்பர் 5 அன்று, உலகப் போர் ஓய்ந்து ஆறே மாதம் ஆகியிருந்த ஹங்கேரியில் பிறந்தார். சோவியத் படை நாட்டுக்குள் இருந்தது. ரேஷன், உளவு போலீஸ், வாயைத் திறந்தால் ஆபத்து என்றிருந்த நாட்கள் அவை. அந்த நாட்டு மக்களுக்குத் தலை நிமிர்ந்து பேச ஒரே ஒரு விஷயம் இருந்தது. அது கால்பந்து.

1952 ஒலிம்பிக்கில் ஹங்கேரிக்குத் தங்கம். 1953 நவம்பர் 25 அன்று லண்டன் வெம்ப்லி மைதானத்தில் இங்கிலாந்தை 6-3 என்று வென்றது. பிரிட்டிஷ் தீவுகளுக்கு வெளியே இருந்து வந்த ஓர் அணியிடம் சொந்த மண்ணில் தோற்றதே இல்லை என்ற பெயரை வெம்ப்லியில் இங்கிலாந்து அன்றைக்கு இழந்தது. அதற்கடுத்த மே மாதம் புடாபெஸ்டுக்கு வந்து ஆடியபோது 7-1. ஏறக்குறைய நான்கு ஆண்டுகள் தோல்வியே காணாமல் வந்த அந்த அணி, 1954 உலகக் கோப்பை இறுதிப்போட்டியில் மேற்கு ஜெர்மனியிடம் 3-2 என்று தோற்றது. அப்போது லாஸ்லோவுக்கு எட்டு வயது. அணியின் கேப்டன் புஷ்காஷ்தான் அந்தச் சிறுவனுக்குக் கடைசிவரை தெய்வம்.

புஷ்காஷ் என்று எழுதியிருப்பது அச்சுப்பிழை அல்ல. ஆங்கில எழுத்தைப் பார்த்து உலகமே 'புஸ்காஸ்' என்று சொல்லிக்கொண்டிருந்தது. ஹங்கேரி மொழியில் 's' என்ற எழுத்துக்கு ஒலி 'ஷ்'. நம் 'ழ'வை வெளியூர்க்காரர்கள் 'ல' ஆக்கும்போது நமக்கு எங்கே வலிக்குமோ, அங்கேதான் அவர்களுக்கும் வலிக்கும்.

1956 அக்டோபர் 23 அன்று புடாபெஸ்ட் தெருக்களில் மாணவர்கள் திரண்டார்கள். நவம்பர் 4-ல் சோவியத் டாங்குகள் திரும்பி வந்தன. ஏறக்குறைய இரண்டு லட்சம் பேர் நாட்டை விட்டு ஓடினார்கள், பெரும்பாலும் மேற்கு எல்லையைத் தாண்டி ஆஸ்திரியாவுக்கு. புஷ்காஷின் ஹோன்வேட் கிளப் அப்போது வெளிநாட்டில் ஆடிக்கொண்டிருந்தது. அவர் ஊர் திரும்பவில்லை. உர்கெ குடும்பத்துக்கு அப்படி வெளிநாட்டில் இருக்கும் வசதி ஏது? பணம் வாங்கிக்கொண்டு எல்லை தாண்ட வழி காட்டும் ஒரு மனிதரை நம்பி, பிள்ளைகளோடு கிளம்பினார்கள். ஆள் கடத்துபவர் என்று இன்று அதிகாரிகள் சொல்வார்களே, அப்படிப்பட்ட ஒருவர். அவரை இந்தக் கட்டுரையில் இன்னொரு முறை சந்திப்போம்.

ஹங்கேரி அகதிகளில் ஏறக்குறைய 14,000 பேரை ஆஸ்திரேலியா ஏற்றுக்கொண்டது. 1957-ல் உர்கெ குடும்பமும் வந்து சேர்ந்தது. சிட்னிக்குத் தெற்கே, இரும்பாலைப் புகை கவிந்த வோலங்காங் பகுதியில் குடியேறினார்கள். பையனுக்கு 11 வயது, ஆங்கிலம் தெரியாது. அங்கே பள்ளி மைதானத்தில் பையன்கள் ஆடியது ரக்பி. கால்பந்து என்று ஒன்று இருந்தது. ஆனால் அதை ஆடுகிறவர்களுக்கு ஒரு வசைச்சொல் ஒட்டியிருந்தது.

வசைச்சொல்லும் ஒரு கிளப்பும்

'வோக்' என்பது அந்தச் சொல். இத்தாலி, கிரேக்கம், யுகோஸ்லாவியா என்று தெற்கு ஐரோப்பாவிலிருந்து வந்தவர்களைக் கேவலமாகக் குறிப்பது. அவர்கள் ஆடியதால் கால்பந்துக்கு 'வோக்பால்' என்று பெயர். போருக்குப் பிறகு தொழிற்சாலைக்கும் சுரங்கத்துக்கும் ஆள் வேண்டுமென்று கப்பல் கப்பலாக அழைத்துக்கொண்ட நாடு, அவர்கள் ஞாயிற்றுக்கிழமை எந்தப் பந்தை உதைக்கிறார்கள் என்பதைக்கூட இளக்காரமாகப் பார்த்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமைகளைப் புரிந்துகொள்ளாமல் மர்ரி செய்த வேலையைப் புரிந்துகொள்ள முடியாது. வாரம் ஆறு நாள் ஆலையில் எண்ணாகவும், கடையில் கைஜாடையாகவும் இருந்தவன் ஏழாம் நாள் தன் மொழியில் கத்தினான். சிட்னியில் இத்தாலியர்களுக்கு மார்க்கோனி, குரோஷியர்களுக்கு சிட்னி குரோஷியா, மெல்போர்னில் கிரேக்கர்களுக்கு சவுத் மெல்போர்ன் ஹெல்லாஸ். ஆட்டம் பார்க்கப் போன இடத்தில்தான் வேலை பற்றித் துப்பு கிடைத்தது, சம்பந்தம் பேசினார்கள், ஊர்க் கடிதங்களை வாசித்துக் காட்டினார்கள். அயல்நாட்டில் தமிழ்ச் சங்கங்களும் கோயில்களும் நமக்கு என்ன செய்தனவோ, அதை அவர்களுக்குக் கால்பந்துக் கிளப் செய்தது. சிட்னி ஹங்கேரியர்கள் தொடங்கிய கிளப்பின் பெயர் செயின்ட் ஜார்ஜ் புடாபெஸ்ட்.

அந்தக் கிளப்பில் வந்து சேர்ந்த ஓர் உள்ளூர்ப் பையன் ஜானி வாரன். சிட்னியின் போட்டனி பகுதியில் 1943-ல் பிறந்த, தலைமுறை தலைமுறையாக ஆஸ்திரேலியக் குடும்பத்துப் பிள்ளை. ஹங்கேரியர்களோடு ஆடி வளர்ந்து, தேசிய அணிக்குக் கேப்டனாகி, 1974-ல் ஆஸ்திரேலியா முதன்முதலாக உலகக் கோப்பைக்குப் போனபோது அதிலும் ஆடினார். கால்பந்து ஆடியதற்காகத் தன்மீதும் விழுந்த வசைகளை அவர் மறைக்கவில்லை. 2002-ல் வந்த தன் சுயசரிதையின் தலைப்பிலேயே அவற்றைத் தூக்கி வைத்தார்.

ஹங்கேரியிலிருந்து வந்து ஆஸ்திரேலியப் பெயர் வைத்துக்கொண்டவரும், ஆஸ்திரேலியாவில் பிறந்து ஹங்கேரியக் கிளப்பில் ஆடியவரும் பிற்பாடு ஒரே திரையில் சேர்ந்து உட்கார்ந்தார்கள்.

பெயர் மாறிய கதை

1971-ல் லாஸ்லோ பத்திரிகை வேலைக்கு வந்தார். நடுவில் ஒரு ராக் இசைக்குழுவில் பாடகராகவும் இருந்தார். அந்தக் குரல் வளம் பிறகு தொலைக்காட்சியில் கேட்டது. ஒரு வணிகத் தொலைக்காட்சியில் கால்பந்து வர்ணனைக்குப் போனபோதுதான் பெயர் மாறியது. உர்கெ லாஸ்லோ என்பது அங்கே வாயில் நுழையாது என்றார்கள். லெஸ் மர்ரி ஆனார்.

சென்னையில் 2000-களின் தொடக்கத்தில் இரவு ஷிப்ட் கால் சென்டர் வேலைக்குப் போனவர்களுக்கு இது புதிதல்ல. மாலையில் வேன் ஏறும்வரை செந்தில், ஹெட்போன் மாட்டியதும் சாம். காலையில் வீட்டுக்கு வரும்போது பழைய பெயர் திரும்பக் கிடைத்துவிடும். மர்ரிக்குத் திரும்பக் கிடைக்கவில்லை. விருதிலும், இரங்கல் செய்தியிலும், அவர் எழுதிய புத்தகங்களின் அட்டையிலும் அந்தப் பெயர்தான்.

அவர் அதற்காகப் புலம்பித் திரிந்தவர் அல்ல. ஆனால் தன் பெயரை விட்டுக்கொடுத்த மனிதர், அதன்பின் அடுத்தவர் பெயரில் ஓர் எழுத்தைக்கூட விட்டுக்கொடுக்கவில்லை. இரண்டுக்கும் தொடர்பில்லை என்று என்னால் நினைக்க முடியவில்லை.

கூரை மேல் ஒரு ஆண்டெனா

வெள்ளையர் மட்டும் குடியேறலாம் என்ற கொள்கையை ஆஸ்திரேலியா 1973-ல்தான் முழுதாகக் கைவிட்டது. இரண்டு ஆண்டு கழித்து, புதிய மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தை ஆங்கிலம் தெரியாத மக்களுக்கு விளக்கிச் சொல்ல சிட்னியிலும் மெல்போர்னிலும் இரண்டு பன்மொழி வானொலி நிலையங்கள் தொடங்கப்பட்டன. அந்த விதையிலிருந்து வளர்ந்ததுதான் எஸ்.பி.எஸ். என்ற அரசு ஒலிபரப்பு நிறுவனம். இன்று அறுபதுக்கும் மேற்பட்ட மொழிகளில் ஒலிபரப்புகிறது. அதில் தமிழும் உண்டு. 1980 அக்டோபர் 24, ஐ.நா. தினத்தன்று அதன் தொலைக்காட்சி தொடங்கியது.

மர்ரி அங்கே முதலில் போனது கால்பந்துக்காக அல்ல. ஹங்கேரிய மொழிப் படங்களுக்கு ஆங்கில சப்டைட்டில் எழுதப் போனார்.

சப்டைட்டில் எழுதுவது ஒரு வினோதமான கைவேலை. திரையில் ஒருவர் மூச்சுவிடாமல் பேசிக்கொண்டு போவார். எழுதுகிறவருக்குக் கிடைப்பது இரண்டு வரி, சில விநாடி. படிக்கிறவர் கண் அந்த இரண்டு வரியை முடித்துவிட்டு நடிகரின் முகத்துக்குத் திரும்ப வேண்டும். ஆகவே வெட்ட வேண்டும். வசவை வெட்டலாம், அடைமொழியை வெட்டலாம், 'அடடா'வை வெட்டலாம். பெயரை வெட்ட முடியாது. ஒரு மொழியின் வாயை இன்னொரு மொழியின் காதுக்குக் கொண்டு சேர்க்கும் இந்தப் பொறுமையைக் கற்றுக்கொண்டவர்தான் கொஞ்ச நாளில் மைக் பக்கம் நகர்ந்தார்.

எஸ்.பி.எஸ். தொடக்கத்தில் எல்லா வீட்டுக்கும் எளிதாகப் போய்ச் சேரவில்லை. 1986 தொடக்கத்திலிருந்து யு.எச்.எஃப். அலைவரிசையில் மட்டுமே வந்தது. அதற்குத் தனி ஆண்டெனா வேண்டும். 80-களில் நம் தென்கடற்கரை ஊர்களில் மொட்டை மாடியில் ஏறி ரூபவாஹினிக்காகக் குழாயைத் திருப்பியவர்களுக்கு அந்த ஏக்கம் தெரியும். புலம்பெயர்ந்தோர் வீடுகளின் கூரையில் அந்த ஆண்டெனா ஏறியது. அதே ஆண்டு ஜூன் மாதம் மெக்சிகோவில் உலகக் கோப்பை. அங்கே நண்பகலில் தொடங்கும் ஆட்டம் சிட்னியில் விடியற்காலை நான்கு மணிக்கு. ஆலைக்குப் போகும் முன் அப்பாவும் பள்ளிக்குப் போகும் முன் பிள்ளையும் ஒன்றாக உட்கார்ந்து மரடோனாவைப் பார்த்தார்கள். திரையில் கோட்டு சூட்டோடு, குரலை உயர்த்தாமல், ஒவ்வோர் ஆட்டக்காரரின் பெயரையும் அவரவர் அம்மா கூப்பிடும் விதத்தில் சொல்லிக்கொண்டு ஒருவர் இருந்தார்.

இதுதான் மர்ரி செய்த பெரிய காரியம் என்பது என் எண்ணம். அவர் தந்திரோபாய ஆய்வாளர் அல்ல. பரபரப்புச் செய்தி தருகிறவரும் அல்ல. போலந்துக்காரர் பெயர் போலந்துக்காரர் சொல்வதுபோல வந்தது. போர்ச்சுகீசியப் பெயரை ஸ்பானியப் பெயர் மாதிரி அவர் சொன்னதில்லை. குரோஷியப் பெயரின் கடைசியில் வரும் 'ச்'சை 'க்' ஆக்கவில்லை. மற்றத் தொலைக்காட்சிகளில் இந்தப் பெயர்கள் கடித்துத் துப்பப்பட்ட காலம் அது. ஆசிரியர் வருகைப் பதிவேட்டில் தன் பெயர் வரும்போது தடுமாறி நிற்பதைப் பார்த்து, வகுப்பே சிரிப்பதைக் கேட்டு வளர்ந்த பிள்ளைக்கு, தேசியத் தொலைக்காட்சியில் ஒருவர் தன் குடும்பப் பெயரைத் தடுமாறாமல் சொல்வது எத்தனை பெரிய விஷயம் என்பதைப் புலம்பெயர்ந்த குடும்பத்தில் பிறந்தவர்களிடம்தான் கேட்க வேண்டும்.

மெல்போர்னில் ஒரு ராக் இசைக்குழு, லெஸ் மர்ரி எந்த நாட்டுக்காரர் என்று கேள்வி கேட்கும் தலைப்பில் ஒரு பாட்டே போட்டது. ஸ்காட்லாந்துப் பெயர், ஆனால் எந்த நாட்டுப் பெயரைச் சொன்னாலும் அந்த நாட்டுக்காரர் மாதிரி இருக்கிறது, பிறகு கேட்கமாட்டார்களா?

எஸ்.பி.எஸ். என்ற எழுத்துக்களுக்கே 'சாக்கர் பிளடி சாக்கர்' என்று ரசிகர்கள் விரிவு சொன்னார்கள். மர்ரியும் வாரனும் சேர்ந்து அங்கே ஆட்டத்தை நடத்திய ஆண்டுகளில் இருவருக்கும் 'மிஸ்டர் அண்ட் மிசஸ் சாக்கர்' என்ற பட்டப்பெயர் ஒட்டிக்கொண்டது. 'உலக விளையாட்டு' என்ற சொல்லை அவர்கள் திரும்பத் திரும்பச் சொன்னார்கள். 2001-ல் தொடங்கிய நிகழ்ச்சிக்கும் அதையே பெயராக வைத்தார்கள். உங்கள் பக்கத்து வீட்டுக்காரன் ஆடுவது வசைக்குரிய ஆட்டமல்ல, உலகம் முழுவதும் ஆடும் ஆட்டம், நீங்கள்தான் இன்னும் வந்து சேரவில்லை என்ற செய்தி அதில் இருந்தது.

இடையில் ஓர் அதிசயமும் நடந்தது. 1989-ல் சாட்சாத் புஷ்காஷே மெல்போர்னுக்கு வந்து சவுத் மெல்போர்ன் ஹெல்லாஸ் அணிக்குப் பயிற்சியாளராக 1992 வரை இருந்தார். அவருக்கு ஆங்கிலம் அதிகம் வராது. ஏதென்ஸில் பனதினைக்கோஸ் அணிக்குப் பயிற்சி கொடுத்த நாட்களில் கற்ற கிரேக்கம் கைகொடுத்தது. கிரேக்கத்தில் பிறந்து ஆஸ்திரேலியாவில் வளர்ந்த கேப்டன் அவரைக் காரில் அழைத்துப் போய், அவர் சொல்வதை மற்றவர்களுக்கு ஆங்கிலத்தில் சொன்னார். அந்த இளைஞர் ஆஞ்சே போஸ்டெகோக்ளு, பின்னாளில் ஆஸ்திரேலியாவுக்கும் இங்கிலாந்தின் டாட்டன்ஹாமுக்கும் பயிற்சியாளரானவர். ஹங்கேரிய மேதை, கிரேக்க மொழி, ஆஸ்திரேலிய மைதானம். அந்த அணி 1990-91 தேசியப் பட்டத்தையும் வென்றது.

அழுத இரவும் ஆடிய இரவும்

1974-க்குப் பிறகு ஆஸ்திரேலியா உலகக் கோப்பைக்குப் போகவே முடியவில்லை. 1985-ல் ஸ்காட்லாந்து தடுத்தது. 1993-ல் மரடோனாவின் அர்ஜென்டினா. 2001-ல் உருகுவே. ஆனால் எல்லாவற்றிலும் ஆறாத புண் 1997 நவம்பர் 29.

தெஹ்ரானில் ஈரானோடு 1-1 டிரா செய்துவிட்டு மெல்போர்ன் திரும்பியிருந்தார்கள். எம்.சி.ஜி. மைதானத்தில் 85,000 பேர். ஹாரி கியூவெல் ஒரு கோல், ஆரெலியோ விட்மர் ஒரு கோல். 2-0. மூட்டை முடிச்சு கட்ட வேண்டியதுதான் பாக்கி. அப்போது மைதானத்துக்குள் ஓடிவந்த ஒருவன் ஈரானின் கோல் வலையைப் பிய்த்துவிட்டான். வலையைச் சரிசெய்யும்வரை ஆட்டம் நின்றது. சூடு ஆறியது. கடைசி இருபது நிமிடத்துக்குள் ஈரான் அடுத்தடுத்து இரண்டு கோல் போட்டது. 2-2. வெளி மண்ணில் அடித்த கோல் கணக்கில் ஈரான் பிரான்ஸ் உலகக் கோப்பைக்குப் போனது. எஸ்.பி.எஸ். நேரலையில் பேச வந்த ஜானி வாரன் பேச முடியாமல் தேம்பி அழுதார். ஓர் ஆட்டத்துக்காக மட்டும் அல்ல அந்த அழுகை என்பது பார்த்தவர்களுக்குத் தெரிந்திருந்தது. இந்த நாடு இந்த ஆட்டத்தை ஏற்றுக்கொள்ளும் நாளைப் பார்க்க, முப்பது வருடமாக வாசலில் காத்திருந்த மனிதரின் அழுகை அது.

நுரையீரல் புற்றுநோயோடு போராடி 2004 நவம்பர் 6 அன்று வாரன் இறந்தார். எப்படி நினைவுகூரப்பட விரும்புகிறீர்கள் என்று கேட்டதற்கு அவர் சொன்ன பதில் ஆஸ்திரேலியக் கால்பந்தில் மந்திரம்போல நிலைத்துவிட்டது: "நான்தான் அப்பவே சொன்னேனே."

அடுத்த ஆண்டு, 2005 நவம்பர் 16. சிட்னி ஒலிம்பிக் மைதானத்தில் 82,000-க்கும் மேல் கூட்டம். மறுபடி உருகுவே. மார்க்கோ பிரெஷானோ கோல் அடித்துக் கணக்கைச் சமன் செய்தார். பெனால்ட்டி ஷூட் அவுட்டில் கோல்கீப்பர் மார்க் ஷ்வார்சர் இரண்டைத் தடுத்தார். கடைசிப் பந்தை ஜான் அலோய்சி வலைக்குள் அடித்துவிட்டுச் சட்டையைக் கழற்றிச் சுழற்றிக்கொண்டு ஓடினார். கூட்டத்தில் வாரனின் அந்த வாசகத்தை எழுதிய பேனர்கள் எழுந்தன. 32 ஆண்டு காத்திருப்பு முடிந்தது.

அந்த அணியின் பெயர்களைக் கொஞ்சம் வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். விடூகா, பிரெஷானோ, அலோய்சி, ஷ்வார்சர், போபோவிச், ஸ்கோகோ, சூலினா. குரோஷிய, இத்தாலிய, ஜெர்மானியக் குடும்பங்களின் பிள்ளைகள். இந்தப் பெயர்களை அன்று இரவு ஒரு நாடே கத்தியது. கால் நூற்றாண்டாக அதற்கு வாய்ப்பயிற்சி கொடுத்தவர் மர்ரி. 2006-ல் ஜெர்மனியில் நடந்த உலகக் கோப்பையை எஸ்.பி.எஸ். ஒளிபரப்பியபோது தொகுத்து வழங்கியவரும் அவர்தான். அந்த ஆண்டே 'மெம்பர் ஆஃப் தி ஆர்டர் ஆஃப் ஆஸ்திரேலியா' என்ற அரசு விருதும் வந்தது. உலகக் கால்பந்துச் சம்மேளனமான ஃபிஃபாவின் நெறிமுறைக் குழுவிலும் உறுப்பினராக இருந்தார்.

வழிகாட்டியைத் தேடி

2009-ல் இலங்கையில் போர் முடிந்த பிறகு, ஆஸ்திரேலியாவை நோக்கி வந்த படகுகளில் ஈழத்தமிழர்கள் இருந்தார்கள். அந்த அக்டோபரில் கடலில் தத்தளித்த 78 பேரை ஓஷியானிக் வைக்கிங் என்ற ஆஸ்திரேலியச் சுங்கக் கப்பல் ஏற்றிக்கொண்டது. இந்தோனேசியாவில் இறக்கிவிடப் பார்த்தபோது அவர்கள் இறங்க மறுத்து நான்கு வாரம் கப்பலிலேயே இருந்தார்கள். அதே ஆண்டு பிரதமர் கெவின் ரட், ஆள் கடத்துபவர்களை மனிதரில் கடைகெட்டவர்கள் என்றும் நரகத்தில் அழுகிக் கிடக்கட்டும் என்றும் பேசியிருந்தார்.

அப்படிக் காற்று வீசிய ஆண்டுகளில் மர்ரி ஹங்கேரிக்குக் கிளம்பினார். தன் குடும்பத்தை எல்லை கடத்திவிட்ட அந்த வழிகாட்டியைத் தேடி. எஸ்.பி.எஸ்.ஸின் 'டேட்லைன்' நிகழ்ச்சிக்காக அந்தத் தேடலைப் படமாகவும் எடுத்தார். நாடே விரும்பும் முகம், அரசு விருது பெற்றவர், யார் மனதையும் புண்படுத்தாத குரல். அந்த முகத்தோடும் குரலோடும் வந்து, என்னைக் காப்பாற்றியவரும் ஓர் ஆள் கடத்துபவர்தான், அவர் இல்லையென்றால் நான் உங்கள் வீட்டுத் திரையில் இல்லை என்று சொன்னார். கடலில் ஆட்களைச் சாகவிடும் தரகர்களும் உண்டு. அது அவருக்குத் தெரியாததல்ல. ஆனால் ஓடி வருகிறவனுக்குக் கதவு ஒன்று வேண்டும், அந்தக் கதவைத் திறந்துவிட்ட கையை மறக்கக் கூடாது என்பதில் அவர் உறுதியாக நின்றார். ஓய்வு பெறும் வயதில், சேர்த்து வைத்த நல்ல பெயரையெல்லாம் பத்திரப்படுத்திக்கொண்டு வீட்டில் இருந்திருக்கலாம். அதைச் செலவழித்தார். ஒரு பத்திரிகையாளரின் சமூகப் பணி என்று இதைத்தான் நான் முதலில் வைப்பேன்.

2017 ஜூலை 31 அன்று, 71 வயதில், சிட்னியில் காலமானார். அரசு மரியாதையோடு வழியனுப்பினார்கள். அகதியாக வந்த பையனுக்கு அரசு இறுதிச் சடங்கு.

அவரோடு எஸ்.பி.எஸ்.ஸில் நெடுங்காலம் பணியாற்றியவர் முன்னாள் தேசிய அணி வீரர் கிரெய்க் ஃபாஸ்டர். 2018 நவம்பரில் ஹக்கீம் அல் அரைபி என்ற கால்பந்து வீரர் பாங்காக் விமான நிலையத்தில் கைதானார். பஹ்ரைனிலிருந்து தப்பி வந்து ஆஸ்திரேலியாவில் அகதி அந்தஸ்து பெற்று, மெல்போர்னில் பாஸ்கோ வேல் என்ற சிறு கிளப்பில் ஆடிக்கொண்டிருந்தவர். மனைவியோடு தேனிலவுக்குப் போன இடத்தில், பஹ்ரைன் கேட்டுக்கொண்டதால் பிடித்து வைத்தார்கள். திருப்பி அனுப்பினால் அவர் கதி என்ன ஆகும் என்பது எல்லாருக்கும் தெரியும். ஃபாஸ்டர் நேரலை மேஜையை விட்டு எழுந்தார். பாங்காக் சிறைக்குப் போனார், சூரிச்சில் ஃபிஃபாவின் கதவைத் தட்டினார், பிரதமர் முதல் தெருமுனைக் கிளப் வரை எல்லாரையும் பேச வைத்தார். 76 நாள் காவலுக்குப் பிறகு, 2019 பிப்ரவரி 12 அன்று ஹக்கீம் மெல்போர்னில் வந்து இறங்கினார். அடுத்த மாதம் ஆஸ்திரேலியக் குடிமகன் ஆனார்.

2019-ல் இன்னொன்றும் நடந்தது. 1990-களிலேயே புலம்பெயர்ந்தோர் கிளப்புகள்மீது பெயரை மாற்றச் சொல்லி நெருக்கடி வந்திருந்தது. சிட்னி குரோஷியா, சிட்னி யுனைடெட் ஆனது. மெல்போர்ன் குரோஷியா, மெல்போர்ன் நைட்ஸ் ஆனது. செயின்ட் ஜார்ஜ் புடாபெஸ்டிலிருந்து புடாபெஸ்ட் உதிர்ந்தது. 2014-ல் ஆஸ்திரேலியக் கால்பந்துச் சம்மேளனம் அதை எழுத்துப்பூர்வ விதியாகவே கொண்டுவந்தது: கிளப்பின் பெயரிலோ சின்னத்திலோ எந்த இன அடையாளமும் புதிதாக வரக்கூடாது. தொலைக்காட்சியில் ஒரு தனி மனிதரிடம் சொன்னதையே சம்மேளனம் கிளப்புகளிடமும் சொன்னது. வாயில் நுழையும் பெயராக வைத்துக்கொள் என்பதுதான் இரண்டும். அந்த விதியை 2019-ல் நீக்கினார்கள். மர்ரி அதைப் பார்க்க இல்லை.

ஐ.நா. அகதிகள் அமைப்புக்காக ஆஸ்திரேலியாவில் நிதி திரட்டும் நிறுவனம், அகதியாக வந்து அகதிகளுக்காகப் பாடுபடும் ஒருவருக்கு விருது வழங்குகிறது. விருதுக்கு லெஸ் மர்ரியின் பெயர். மேடையில் யாரோ ஒருவர் உறையைப் பிரித்து, எங்கெங்கோ இருந்து எல்லை தாண்டி வந்த ஒருவரின் பெயரை வாசிக்க வேண்டும். அது சட்டென்று வாயில் நுழையாத பெயராகவும் இருக்கலாம். வாசிக்கப் போகிறவர் அன்று மாலையே விசாரித்து, இரண்டு மூன்று தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டுதான் மேடையேற வேண்டும்.